பால்வெட்டு, படிப்பு, நடுவே ஒரு கேப்சூல்

குலசேகரம் பக்கத்திலிருந்து 26 வயதுத் தம்பி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

பட்டப்படிப்பு முடித்து டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கிறார். அப்பாவுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டதால் சொந்தத் தோட்டத்தில் ஒரு நாள், அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்கு மறுநாள் என்று தினமும் 300 ரப்பர் மரம் இவர்தான் வெட்டுகிறார். அதிகாலை மூன்றேகாலுக்கு எழுந்து தலையில் லைட்டைக் கட்டினால், வெட்டி முடித்து, சிரட்டையில் விழுந்த பாலை எடுத்து, ஆசிட் விட்டு உறைய வைக்க ஒன்பது மணியாகிவிடும். பத்து மணி பஸ்ஸில் மார்த்தாண்டத்துக்குக் கோச்சிங் வகுப்பு. நாலரைக்குத் திரும்பி வந்து, உறைந்த பாலை ரப்பர் ஷீட்டாக அடித்து, புகை போட்டுக் காயவைக்கும் புகைப்புரையில் தொங்கப்போட்டு, குளித்து, எட்டு மணிக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்தால் பன்னிரண்டு வரை படிப்பு. தூக்கம் மூன்று மணி நேரம். பஸ்ஸில் ஒரு அரை மணி.

நான்கு மாதத்துக்கு முன்பு ஜிம் நண்பர் ஒருவர் ஒரு கேப்சூல் கொடுத்திருக்கிறார். "இதில் கஃபீன் கிடையாது, கஃபீன் மாதிரி ஒன்று. தேயிலையிலிருந்து எடுத்தது. பழகிப்போகாது, படபடப்பு வராது" என்பது விளம்பரம். முதல் இரண்டு வாரம் மூளைக்குள் விளக்குப் போட்டதுபோல் இருந்ததாம். அப்புறம் ஒன்று போதவில்லை. இப்போது அதிகாலையில் ஒன்று, மாலை ஏழு மணிக்கு ஒன்று. கூடவே நாளைக்கு ஆறு சாயா. மாதிரித் தேர்வு நாளில் ஒரு எனர்ஜி டிரிங்க்.

இப்போதைய நிலை: படுத்தால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. விரல் நடுங்குகிறது. போன வாரம் கத்தி ஆழமாக இறங்கி இரண்டு மரத்தில் காயம். ஒரே பக்கத்தை மூன்று தடவை படித்தும் மனதில் நிற்கவில்லை. ஒரு விடியற்காலையில் பைக்கில் கண் சொருகி ரோட்டோர ஓடைக்குள் இறங்கியிருக்கிறார். நல்லவேளை, முட்டியில் தோல் உரிந்ததோடு போயிற்று. முந்திரி ஆலை வேலை முடிந்து அலுத்து வந்த அம்மாவுக்கும் ஒரு நாள் ஒரு கேப்சூல் கொடுத்திருக்கிறார். அம்மாவுக்கு அன்று ராத்திரி முழுக்க வாந்தியும் படபடப்பும். சித்தப்பா ஒருவர் 42 வயதில் திடீரென்று இறந்ததையும் கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் எழுதியிருக்கிறார்.

கேள்விகள் நான்கு. கஃபீன் இல்லையென்றால் பயப்பட வேண்டாம்தானே? பிளஸ் டூ படித்து நீட்டுக்குத் தயாராகும் தங்கச்சிக்குப் பாதி கொடுக்கலாமா? இதையே லூஸ் பவுடராக வாங்கினால் மலிவு என்கிறார் நண்பர், வாங்கலாமா? வாங்கி வைத்த இரண்டு பாட்டிலுக்குப் பணம் திரும்பக் கிடைக்குமா, வீட்டில் வைத்திருந்தால் போதைப்பொருள் கேஸ் ஆகுமா?

தம்பி, நீங்கள் கேட்ட வரிசையில் நான் பதில் சொல்லப் போவதில்லை. கேட்காத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

அம்மா

மூச்சுத்திணறலுக்கு அம்மா சாப்பிடும் மாத்திரையின் அட்டையையும் படமெடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். அதில் தியோஃபிலின் இருக்கிறது. தியோஃபிலினும் கஃபீனும் ஒரே குடும்பம். உங்கள் கேப்சூலில் கஃபீன் இருக்கிறது, எப்படி என்பதைப் பிறகு சொல்கிறேன். இரண்டையும் கல்லீரலில் ஒரே நொதிதான் உடைத்து வெளியேற்றுகிறது. ஒன்று வாசலை அடைத்துக்கொண்டால் மற்றது வெளியே போக முடியாமல் ரத்தத்தில் ஏறும். தியோஃபிலினோ மிகக் குறுகிய எல்லைக்குள் வேலை செய்கிற மருந்து. அளவு சற்றுக் கூடினாலே வாந்தி, நடுக்கம், படபடப்பு. இன்னும் கூடினால் வலிப்பும், இதயத் துடிப்பின் தாளம் தப்புவதும் உண்டு. அம்மாவுக்கு அன்று வந்தது கேப்சூல் ஒத்துக்கொள்ளாததால் வந்த சாதாரண வாந்தி என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. அலுத்து வந்த அம்மாவுக்கு நல்லது செய்ய நினைத்தீர்கள், அவ்வளவுதான். ஆனால் இனி ஒரு கேப்சூல்கூட வேண்டாம். அடுத்த முறை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகும்போது இந்தச் சம்பவத்தை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அம்மாவுக்கு இந்த மாத்திரையே இன்னும் தேவையா, இன்ஹேலருக்கு மாறலாமா என்றும் கேளுங்கள். ஆஸ்துமாவுக்கு இன்று முதலில் கொடுப்பது இன்ஹேலர்தான். இன்ஹேலர் என்றால் கடைசிக் கட்டம் என்ற பயம் நம் பக்கத்தில் இன்னும் போகவில்லை. டாக்டர் சொல்லாமல் மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அப்புறம், புகைப்புரைக்குள் விறகு தள்ளப் போவதை அம்மாவிடமிருந்து வாங்கி வேறு யாரிடமாவது கொடுங்கள். பகலெல்லாம் முந்திரி வறுக்கும் புகை, மாலையில் ரப்பர் புகை என்றால் எந்த நெஞ்சு தாங்கும்?

அடுத்தது உங்கள் நெஞ்சு. 26 வயதில், இத்தனை சாயாவோடு வரும் படபடப்பு பெரும்பாலும் ஆபத்தில்லாததுதான். ஆனால் ரத்த உறவில் ஒருவர் 42 வயதில் திடீரென்று இறந்திருக்கிறார் என்றால் அந்த 'பெரும்பாலும்' எனக்குப் போதாது. இந்த வாரமே ஒரு ஈசிஜி எடுங்கள். குழித்துறை அரசு மருத்துவமனையிலோ ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரியிலோ எடுக்கலாம். ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே நடுக்கமும் படபடப்பும் வரும், பழியைக் கேப்சூல் மேல் போட்டுவிட்டு அதைத் தவறவிடக் கூடாது. டாக்டரிடம் சித்தப்பா விஷயத்தைக் கடைசியில் சொல்லாதீர்கள், முதலில் சொல்லுங்கள். நெஞ்சு வலி, மயக்கம், வேலை செய்யும்போது வழக்கமில்லாத மூச்சிரைப்பு இவற்றில் எது வந்தாலும் ஓ.பி. சீட்டுக்குக் காத்திருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

கேப்சூலுக்குள் என்ன இருக்கிறது?

பாட்டிலின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியதற்கு நன்றி. பெரிதாக்கிப் படித்தேன். தியாக்ரின், மெத்தில்லிபெரின், குவாரனா சாறு, பச்சைத் தேயிலைச் சாறு. நான்கையும் சேர்த்து "கலவை 450 மில்லிகிராம்". எது எவ்வளவு என்று தனித்தனியாக இல்லை.

லேபிளில் 'கஃபீன் இல்லை' என்று எந்த இடத்திலும் எழுதவில்லை, கவனித்தீர்களா? அதைச் சொன்னது உங்கள் நண்பர். குவாரனா என்பது பிரேசில் காட்டுக் கொடி ஒன்றின் விதை. அதில் இருக்கும் முக்கியச் சரக்கே கஃபீன்தான். காப்பிக்கொட்டையைவிட அதிகமாகவே இருக்கும். பச்சைத் தேயிலையிலும் கஃபீன் உண்டு. ஆக, கஃபீன் என்ற பெயரை எழுதாமலே கஃபீனை உள்ளே வைத்திருக்கிறார்கள்.

தியாக்ரின் கஃபீனுக்குப் பங்காளி. சீனாவின் யுன்னான் பக்கத்தில் 'கூச்சா' என்று ஒரு கசப்புத் தேயிலை உண்டு, அதில் இது இயற்கையாகவே இருக்கிறது. மனிதர்களிடம் இதைச் சோதித்தும் இருக்கிறார்கள். 2016-ல் வெளியான ஆய்வு ஒன்றில் ஆரோக்கியமான 60 பேருக்கு நாளைக்கு 300 மில்லிகிராம் வரை 8 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள், ரத்தப் பரிசோதனையிலோ இதயத் துடிப்பிலோ கவலைப்படும்படி எதுவும் தெரியவில்லை, பழகிப்போனதற்கான அறிகுறியும் இல்லை. உங்கள் நண்பர் சொல்லும் 'பழகிப்போகாது' இங்கிருந்துதான் வந்திருக்கிறது. அது பொய்யல்ல. ஆனால் அந்த 60 பேரும் மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு, ஆறு சாயா குடித்துவிட்டு, மேலே மூன்று சரக்கைச் சேர்த்து நான்கு மாதம் விழுங்கியவர்கள் அல்ல. அவர்களுக்கு ஒத்துக்கொண்டது உங்களுக்கும் ஒத்துக்கொள்ளும் என்று அந்த ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது.

விளம்பரத்தில் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். சாயாவில் உள்ள கஃபீன் பாதியாகக் குறையச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். தியாக்ரின் பாதியாகக் குறைய 16 மணி நேரத்துக்கும் மேல் ஆகிறது. அதாவது மாலை ஏழு மணிக்குப் போட்டதில் பாதிக்குப் பக்கம், மறுநாள் பத்து மணி பஸ்ஸில் நீங்கள் ஏறும்போதும் உடம்பில் இருக்கிறது. அதற்கு முன்பே அதிகாலைக் கேப்சூல் அதன்மேல் போய் உட்கார்ந்துவிட்டது. தியாக்ரினோடு கஃபீனைச் சேர்த்தால் தியாக்ரினின் ரத்த அளவு இன்னும் ஏறுகிறது. மெத்தில்லிபெரின் கஃபீனுக்கு இன்னொரு பங்காளி, அது தன் பங்குக்குக் கஃபீன் வெளியேறுவதைத் தாமதப்படுத்துகிறது. 2022-ல் வந்த ஆய்வில் கஃபீன் பாதியாகும் நேரம் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. கடையில் நாலு மணிக்குக் குடித்த சாயா நடுராத்திரியில் நெஞ்சைத் தட்டுவது இதனால்தான். ஒன்றை ஒன்று பிடித்து நிறுத்தி வைக்கும் நான்கு சரக்கை ஒரே கூட்டுக்குள் அடைத்து உங்களிடம் விற்றிருக்கிறார்கள்.

சாயாக் கணக்கையும் பார்த்துவிடுவோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் ஒரு கப் டீயில் 30 முதல் 65 மில்லிகிராம் கஃபீன் என்றும், நாளைக்கு 300 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்றும் இருக்கிறது. நம் கடைகளில் கிளாஸ் சின்னது, ஆனால் தூள் கடுப்பு. ஆறு சாயா என்றால் 180 முதல் 390. எனர்ஜி டிரிங்க் கேன் ஒன்றுக்கு 75 வைத்துக்கொள்ளுங்கள். எல்லையைத் தொட உங்களுக்குக் கேப்சூலே தேவையில்லை.

உங்களுக்குத் தெரிந்த மருந்துதான்

இதை எப்படி விளக்குவது என்று யோசித்தபோது, ரப்பர்க்காரரான உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்த ஒன்று ஞாபகம் வந்தது. வெட்டுப்பட்டையில் எத்திஃபான் என்ற மருந்தைப் பூசுவீர்கள் அல்லவா? அது மரத்துக்குப் பாலைக் கொடுக்கிறதா? இல்லை. வெட்டின இடத்தில் பால்குழாய் அடைபடுவதைத் தள்ளிப்போடுகிறது, அதனால் பால் கூடுதல் நேரம் வடிகிறது. அளவோடு, இடைவெளி விட்டு வெட்டினால் நல்ல லாபம். மருந்தும் பூசி, தினமும் வெட்டினால்? பட்டை மரத்துப்போய், கத்தி வைத்தாலும் ஒரு சொட்டு வராது. அந்த மரத்தை எத்தனை மாதம் ஆறப்போட வேண்டியிருக்கும் என்பதை அப்பாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூளையிலும் இதே கதைதான். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அடினோசின் என்ற பொருள் மூளையில் சேர்கிறது. அது தனக்கான இடத்தில் போய் உட்கார்ந்தால் களைப்பும் தூக்கமும் தெரியும். கஃபீனும் அதன் பங்காளிகளும் அந்த இடத்தை முன்கூட்டியே பிடித்துக்கொள்கின்றன. களைப்பு அப்படியே இருக்கிறது, உங்களுக்குச் சேதி மட்டும் வரவில்லை. முதல் இரண்டு வாரம் நீங்கள் அனுபவித்த தெளிவு பொய்யில்லை. கஃபீன் விழிப்பைக் கூட்டும், கை வேகத்தைக் கூட்டும், இது ஆயிரம் தடவை நிரூபணமானது. ஹவுஸ் சர்ஜனாக இருந்த வருஷம் இரவு ஒரு மணிக்குக் கட்டன் சாயாவை நம்பித்தான் நானும் வார்டில் நின்றேன். நன்றாக விழித்திருக்கிறேன் என்ற முழு நம்பிக்கையோடு ஒரு நோயாளியின் ரத்த ரிப்போர்ட்டைப் பக்கத்துப் படுக்கைக்காரரின் தாளில் எழுதினேன். சிஸ்டர் பார்த்துப் பிடித்தார். கண் விழித்திருந்தது, மூளை விழித்திருக்கவில்லை.

நீங்கள் மூன்றேகாலுக்கு எழுகிறீர்கள். அதிலிருந்து 17 மணி நேரம் எண்ணினால் இரவு எட்டேகால். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கை வேகமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிடுகின்றன என்று சோதனைகளில் அளந்திருக்கிறார்கள். நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் எல்லை 0.03. போலீஸ்காரர் உங்களை ஊதச் சொன்னால் ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த நிலையில்தான் தினமும் எட்டு மணிக்கு இந்திய அரசியலமைப்பைத் திறக்கிறீர்கள். ஒரே பக்கத்தை மூன்று தடவை படிப்பது ஞாபகசக்திக் குறைவு அல்ல, தம்பி. படித்ததை மூளை அடுக்கி வைப்பதே தூக்கத்தில்தான். அதற்கு நீங்கள் மூன்று மணி நேரம்தான் கொடுக்கிறீர்கள்.

ஓடையில் இறங்கிய பைக் எனக்கு நெஞ்சுத் துடிப்பைவிடப் பெரிய பயத்தைக் கொடுக்கிறது. தூக்கம் சரியாகும் வரை விடியற்காலையில் பைக்கைத் தொடாதீர்கள். அடுத்தவர் தோட்டத்துக்கு யாராவது கூட்டிக்கொண்டு போக முடியுமா என்று பாருங்கள், முடியாவிட்டால் அந்தத் தோட்டத்தையே விடுங்கள்.

நேரத்தை எங்கிருந்து எடுப்பது?

'நன்றாகத் தூங்குங்கள்' என்று எழுதிவிட்டுப் போவது எனக்குச் சுலபம். மூன்றேகால் மணி எழுச்சியை மாற்ற முடியாது என்று எனக்குத் தெரியும், வெயில் ஏறினால் பால் வடியாது. ஆகவே படுக்கும் நேரத்தைத்தான் இழுக்க வேண்டும். இரவு எட்டரைக்குப் படுத்தால் ஆறே முக்கால் மணி நேரம் கிடைக்கும். படிப்பு நாலு மணி நேரம் போகிறதே என்பீர்கள். அதைத் தேடுவோம்.

மாலை ஷீட் வேலையில் எவ்வளவு நேரம் போகிறது? ஒன்றரை மணி என்று வைத்துக்கொள்வோம். தேர்வு முடியும் வரை ஷீட் அடிக்காமல் பாலாகவே விற்க முடியுமா, அல்லது சிரட்டையிலேயே உறைய விட்டுக் கட்டியாக விற்க முடியுமா என்று பாருங்கள். விலை குறையும், ஒத்துக்கொள்கிறேன். கேப்சூலுக்கு மாதம் எவ்வளவு போகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதைக் கழித்துப் பாருங்கள். இப்படிச் செய்தால் காலையில் ஆசிட் விடும் நேரமும் மிச்சம், மாலை ஐந்து முதல் எட்டு வரை படிக்கலாம்.

அடுத்தது, கூலிக்கு வெட்டும் தோட்டம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டாமல் இடைவெளியை நீட்டி, வாரம் ஒரு முறை வெட்டும் முறையைக்கூட ரப்பர் போர்டு ஊக்குவிக்கிறது. அதற்கென்று மருந்துப் பூச்சு அட்டவணை இருக்கிறது. கள அலுவலரிடம் கேட்டு, உரிமையாளரிடம் பேசிப் பாருங்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் வெட்டு இல்லையென்றால், அந்த நாட்களில் ஐந்து மணி வரை தூங்கிவிட்டுக் காலை ஒன்பது வரை படிக்கலாம். அந்த நாலு மணி நேரம் இப்போதைய ராத்திரிப் படிப்பு இரண்டு நாளுக்குச் சமம் என்பது என் கணிப்பு. மழைக்காலத்தில் வெட்டு நிற்கும் நாட்களையும், இலை உதிர் காலத்து ஓய்வையும் இதே மாதிரிப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மேஜையில் தலை சாய்த்து 20 நிமிடம் தூங்குங்கள். அதற்குச் சற்று முன்பு ஒரு சாயா குடித்தால் எழும்போது கஃபீன் வேலை செய்யத் தொடங்கியிருக்கும். இது ஒன்றுதான் நான் சிபாரிசு செய்யும் கஃபீன் தந்திரம்.

கேப்சூலை இன்றே நிறுத்துங்கள், படிப்படியாக வேண்டாம். சாயாவை மட்டும் மெதுவாகக் குறையுங்கள்: முதல் வாரம் நாலு, அடுத்த வாரம் மூன்று, கடைசிச் சாயா மதியம் இரண்டு மணிக்குள். படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் கஃபீன் எடுத்தவர்களுக்குக்கூட ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் குறைந்ததாக ஆய்வு இருக்கிறது. நிறுத்திய பிறகு தலைவலி, எரிச்சல், சோர்வு வரலாம். சாதாரணமாக ஒரு நாளுக்குள் தொடங்கி, ஒரு வாரம் பத்து நாளில் போய்விடும். உங்கள் கேப்சூல் மெதுவாக இறங்குவதால் சற்றுத் தாமதமாகவும் வரலாம். அந்த வாரத்தில் மாதிரித் தேர்வு வைத்துக்கொள்ளாதீர்கள். 'பார்த்தாயா, கேப்சூல் இல்லாமல் என்னால் முடியவில்லை' என்று அந்த நாட்களில் தோன்றும். தலைவலி பேசுகிறது என்று விட்டுவிடுங்கள்.

வெறும் வயிற்றில் சாயாவோடு தோட்டத்துக்குப் போய், ஒன்பது மணி வரை ஒன்றும் சாப்பிடுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறு மணிநேர உடலுழைப்புக்கு இது நியாயமா? போகும் முன் ஒரு ஏத்தன்பழம், வெட்டி முடித்துப் பாலெடுக்கும் முன் பழங்கஞ்சியோ அவித்த மரச்சீனியோ. கை நடுக்கத்தில் பாதி இதிலேயே போனாலும் எனக்கு ஆச்சரியமில்லை.

தங்கச்சிக்குப் பாதி?

வேண்டாம். பாதியும் வேண்டாம், காலும் வேண்டாம். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிப்படி கஃபீன் பானங்களின் கேனிலேயே குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஏற்றதல்ல என்று அச்சடிக்க வேண்டும். உள்ளே எவ்வளவு என்றே எழுதாத கேப்சூல் அதைவிட மோசம். பதினேழு வயதில் எடையும் குறைவு, தேர்வுப் பதற்றமும் அதிகம்.

தங்கச்சி எப்போதும் சோர்ந்து கிடக்கிறாள், மாதவிடாய் அதிகம் போகிறது என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்கு முக்கியம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் பார்த்துவிட்டு, குறைந்திருந்தால் இரும்புச்சத்து மாத்திரை தொடங்க வேண்டும். அதோடு, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் அவளுக்குச் சாயா கொடுக்காதீர்கள், தேயிலையின் துவர்ப்புச் சத்து இரும்பு சேர்வதைத் தடுக்கும். அம்மாவிடம் சொன்னால் 'பிள்ளைக்குச் சாயா குடுக்காம எப்படி' என்பார். கடவுள் துணை.

லூஸ் பவுடர்

சுத்தமான கஃபீன் பவுடர் ஒரு டீஸ்பூனில் சுமார் 3,200 மில்லிகிராம் இருக்கும், இருபத்தெட்டு கப் காப்பிக்குச் சமம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. எச்சரித்திருக்கிறது. 1,200 மில்லிகிராமை வேகமாக உள்ளே தள்ளினாலே வலிப்பு வரலாம். உயிர் போனவர்களும் உண்டு. அரை ஸ்பூனுக்கும் கால் ஸ்பூனுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சமையல் ஸ்பூனால் அளந்து, நடுங்கும் விரலோடு, அதிகாலை மூன்றேகாலுக்குக் கலக்கப் போகிறீர்களா? நண்பரிடம் இந்தப் பத்தியைக் காட்டுங்கள்.

பாட்டிலும் பணமும்

கேஸ் ஆகுமா என்ற பயம் வேண்டாம். கஃபீனோ தியாக்ரினோ போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் இல்லை. ஆனால் லேபிளில் எழுதாத சரக்கு உள்ளே இருப்பது இந்தத் தொழிலில் புதிதல்ல. உடற்பயிற்சிப் பவுடர்களில் கலந்து வந்த டி.எம்.ஏ.ஏ. என்ற தூண்டுபொருள் ரத்த அழுத்தத்தை ஏற்றும் என்று 2013-ல் எஃப்.டி.ஏ. எச்சரிக்கை விட்டது. அதற்கு முன்பு எபிட்ரா என்ற தூண்டுமூலிகையை 2004-ல் தடையே செய்தது. நீங்கள் அனுப்பிய படத்தில் 14 இலக்க உரிம எண்ணும் இல்லை, இறக்குமதி செய்தவரின் பெயர் முகவரியும் இல்லை. வெளிநாட்டுச் சரக்கை இங்கே விற்கும்போது இரண்டும் லேபிளில் இருந்தாக வேண்டும்.

பில் இருக்கிறதா? ஆன்லைனில் பணம் கட்டிய ரசீது, வாட்ஸ்அப்பில் 'கஃபீன் கிடையாது' என்று விற்றவர் அனுப்பிய செய்தி, இரண்டையும் அழிக்காமல் வையுங்கள். திறக்காத பாட்டிலைத் திருப்பி எடுக்கச் சொல்லி முதலில் எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், இரண்டு வருடத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. நண்பர் கையில் காசு கொடுத்து வாங்கியது என்றால் பணத்தை மறந்துவிடுங்கள். ஆனால் லேபிளின் படத்தோடு மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு ஒரு புகார் எழுதிப்போடுங்கள், அதற்குப் பில் தேவையில்லை. திறந்த பாட்டிலில் நாலைந்து கேப்சூலைப் புகாருக்குச் சாட்சியாக ஓர் உறையில் போட்டு வைத்துக்கொண்டு மீதியை அழித்துவிடுங்கள். தங்கச்சியின் மேஜைப் பக்கம் வைக்க வேண்டாம்.

ஈசிஜி எடுத்ததும் அந்தத் தாளை எனக்கு அனுப்புங்கள், சித்தப்பாவுக்கு முன்பு மயக்கமோ வலிப்போ வந்ததுண்டா என்று அப்பாவிடம் கேட்டும் எழுதுங்கள். அதுவரை காலையில் கண் விழித்ததும், எழுவதற்கு முன்பு, ஒரு முழு நிமிடம் நாடியை எண்ணி, தேதி போட்டு நோட்டில் குறித்து வையுங்கள். பக்கத்திலேயே முந்தின ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.